வன்னியில் வெளிக்களச் சின்னங்கள்: நிபந்தனையை எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது

"இரண்டு தீக்குச்சிக்குள் நெருப்பு மூட்டிக் காட்டுக." சாரணர் கைநூலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதற் குச்சி சுடர்விட்டும் சுள்ளி பிடிக்குமுன் அணைந்துவிட்டது. இரண்டாவதைக் காற்று அணைத்தது. மூன்றாவதில் நெருப்புப் பிடித்துச் சோறும் வெந்துவிட்டது. கையொப்பம் இடலாமா? இன்னொரு பிள்ளை முதற் குச்சியிலேயே மூட்டினான், ஆனால் விறகில் மண்ணெண்ணெய் தெளித்திருந்தான். அவனுக்கு?

பொறுப்பாசிரியர்கள் இருவரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒரே துருப்பிலேயே போன வருடம் ஒரு தீர்ப்பும் இந்த வருடம் இன்னொன்றும் நடப்பதுண்டு. பிள்ளைகள் இதை மறப்பதில்லை. இந்த வழிகாட்டி சாரணர், பெண் சாரணியர், இளைஞர் விருதுத் திட்டங்கள் ஆகியவற்றில் சின்னம் பெறச் செய்துகாட்ட வேண்டிய வெளிக்கள நிபந்தனைகளைப் பரீட்சிப்போருக்கானது. இலங்கையின் வன்னிப் பகுதியின், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் மண்ணையும் வெயிலையும் வைத்தே எழுதப்பட்டது. இங்கே எடுத்துக்காட்டும் வரிகள் மாதிரிகள்தான். உங்கள் கைநூலில் எண்ணும் சொல்லும் வேறாக இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதற் படி: வரியை உடைத்துப் படியுங்கள்

எந்த நிபந்தனையையும் ஒரு தாளில் எழுதி நான்கு துண்டாக்குங்கள்: வினைச்சொல், எண், இடம், கருவி.

வினைச்சொல்லில் விட்டுக்கொடுப்பே கூடாது. "சொல்க" என்றால் வாயால் சொன்னால் போதும். "விளக்குக" என்றால் ஏன் என்று கேட்கும்போது காரணம் வர வேண்டும். "செய்து காட்டுக" என்றால் உங்கள் கண்முன் கை வேலை செய்ய வேண்டும். "செய்திருக்க வேண்டும்" என்றால் பதிவுப் புத்தகத்தில் நாளும் இடமும் சாட்சியும் இருக்க வேண்டும். அதிகம் நடக்கும் பிழை, "செய்து காட்டுக" என்பதை "சொல்க" ஆக்கிவிடுவது. கூடாரம் அடிக்க இடமில்லை, நேரமில்லை, ஆகவே எப்படி அடிப்பாய் என்று கேட்டுவிட்டுக் கையொப்பம் வைப்பார்கள். இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. "சொல்க" என்றிருப்பதற்குப் பிள்ளையிடம் நான்கு பக்கக் கட்டுரை கேட்பார்கள்.

எண்ணும் அப்படித்தான். பத்துக் கிலோமீற்றர் என்றால் பத்து. ஒன்பதரை வராது. எழுதினவர் ஏன் பத்து என்று வைத்தார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. எண்ணைத் தொட்டால் எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பதரையை ஏற்றவர் ஒன்பதை எந்த முகத்தோடு மறுப்பார்?

இடமும் கருவியும் பெரும்பாலும் இளகக்கூடியவை. கைநூல்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டுப் பாடத்திட்டங்களின் சாயல் இருக்கும். ஓடை, மலைச்சரிவு, பைன் காடு என்று வரும். நம்மிடம் இருப்பது வாய்க்கால், குளக்கட்டு, பாலை மரக்காடு. வரியின் நோக்கம் கெடாமல் இவற்றை மாற்றலாம். ஆனால் மாற்றத்தைப் பிள்ளை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். செய்து முடித்த பிறகு சொல்லும் தளர்வு சலுகை. செய்து முடித்த பிறகு சொல்லும் இறுக்கம் அநியாயம்.

கூட்டாதீர்கள்

அமெரிக்கச் சாரணர் அமைப்பின் விதி ஒன்று உலகெங்கும் எடுத்துச் சொல்லப்படுவது: நிபந்தனையில் எவரும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நம் பகுதியில் குறைப்பவர்களை விடக் கூட்டுபவர்களே அதிகம் என்பது எங்கள் கணிப்பு. காரணம் எளிது. பொறுப்பாசிரியர்கள் ஆசிரியர்கள். புலமைப்பரிசில், சாதாரண தர விடைத்தாள்களைத் திருத்திப் பழகிய கை, ஆறு முடிச்சு கேட்ட இடத்தில் பத்தைக் கேட்கும். முடிச்சு போட்டால் போதாது, பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும் என்னும். சீருடையில் பொத்தான் இல்லை என்று போலைன் முடிச்சைத் தோல்வியாக்கும்.

பேடன் பவல் சின்னங்களுக்கு அளவாக வைக்கச் சொன்னது பிள்ளையின் முயற்சியை. ஒரே தரக்கோட்டை எல்லோருக்கும் இழுப்பதை அவர் விரும்பவில்லை. அதற்காக முயன்றாலே போதும் என்று எண்ணை விட்டுவிடச் சொல்கிறார் என்று படிக்க வேண்டாம். நிபந்தனையில் உள்ளதைப் பிள்ளை தன் கையால் செய்தானா என்பதை இறுக்கமாகப் பாருங்கள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தான் என்பதில், வரி கேட்காத வரைக்கும், கையை இளக்குங்கள்.

இன்னொரு கூட்டல் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்: வகுப்புக்கு வந்திருக்க வேண்டும் என்பது. முள்ளியவளையிலோ துணுக்காயிலோ பத்து வயதில் அடுப்பு மூட்டி, வாய்க்காலில் நீந்தி, மாட்டுக்குக் கயிறு கட்டிப் பழகிய பிள்ளைக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. செய்து காட்டச் சொல்லுங்கள், பாருங்கள், கையொப்பம் வையுங்கள். மூன்று சனிக்கிழமை வரவில்லை என்று மறுக்க நிபந்தனையில் இடமில்லை.

ஒரே நடைபயணத்தை இரண்டு சின்னங்களுக்குக் கணக்கிடலாமா? "வேறொரு நடைபயணம்" என்று வரி சொல்லியிருந்தால் கூடாது. சொல்லாவிட்டால் கணக்கிடலாம்.

நெருப்பு

தொடங்கிய கேள்விக்கு வருவோம். மூன்றாவது குச்சியில் மூட்டினவருக்கு இன்று இல்லை. பத்து நிமிடம் கழித்து, வேறு இடத்தில், புதிதாக அடுக்கி மீண்டும் முயலலாம். முயற்சிகளுக்கு வரி எல்லை வைக்காதபோது நீங்களும் வைக்காதீர்கள். மருந்து உதிர்ந்து சுடரே வராத குச்சியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சுடர் வந்து அணைந்தால் அது ஒரு குச்சி. இதைத் தொடங்குமுன் சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

மண்ணெண்ணெய், பொலித்தீன், ரயர்த் துண்டு: வரி தடுக்கவில்லை என்றாலும் எங்கள் தீர்ப்பு, கூடாது. இரண்டு குச்சி என்ற எல்லை இருப்பதே, சுள்ளியைத் தெரிந்தெடுத்து அடுக்கும் அறிவைப் பார்க்கத்தான். எண்ணெய் ஊற்றினால் அந்தக் கேள்வியே இல்லாமற் போகிறது. ஆனால் பன்னாடை, காய்ந்த பனையோலை, தென்னம்பாளை, சிரட்டை, ஊமல் எல்லாம் தாராளமாக ஏற்கத்தக்கவை. கைநூல் மரப்பட்டையைச் சொன்னால் பன்னாடை அதன் வன்னித் தம்பி.

விறகை மூன்று கட்டாக வைக்கச் சொல்லுங்கள்: ஈர்க்குப் பருமனில் ஒரு கைப்பிடி, பென்சில் பருமனில் இரண்டு கைப்பிடி, பெருவிரல் பருமனில் ஓர் அணைப்பு. பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் முதற் கட்டைச் சிறிதாக வைத்துவிட்டு நேரே பெருவிரற் பருமனுக்குப் போவதால். பாலை விறகு நின்று எரியும், ஆனால் தொடங்காது. அதை முதலில் வைத்தால் பெட்டி முழுதும் கரைந்தாலும் பிடிக்காது. மாரியில் நிலத்தில் கிடப்பதை எடுக்க வேண்டாம். மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளையை முறித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதாவது மே முதல் செப்ரெம்பர் வரை, நெருப்புச் சோதனையைக் காலை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள். சுற்றிலும் மூன்று மீற்றர் செத்தை இல்லாமல் கூட்டி, இரண்டு வாளி தண்ணீர் பக்கத்தில் வைத்த பிறகே குச்சி. அறுவடை முடிந்த வயலில் வேண்டாம். ஒட்டில் (அரிந்த தாளடியில்) நெருப்பு ஓடிப் பற்றும்.

இங்கே எந்தக் கைநூலும் சொல்லாத ஒன்று. நெருப்புக்குக் குழி தோண்டுக, கழிவுக்குக் கிடங்கு வெட்டுக, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் இழுக்க என்று நிபந்தனை வரும். வன்னியில் தெரியாத நிலத்தில் மண்வெட்டி வைக்கக் கூடாது. வெடிக்காத எறிகணை ஒரு சாணுக்குக் கீழே இருக்கலாம். மேலே மூட்டிய நெருப்பின் சூடே அதற்குப் போதும். ஆகவே நெருப்பு, பல வருடமாகக் கொத்திப் பயிர்செய்த நிலத்தில் மட்டும். அல்லது மூன்று சீமெந்துக் கல் வைத்து, தகரத்தில் ஒரு சாண் மணல் பரப்பி, உயர்த்திய அடுப்பில். தோண்டும் நிபந்தனையைப் பாடசாலைத் தோட்டத்திலோ வீட்டு வளவிலோ பாருங்கள். இது தளர்வுதான், ஆனால் இடத்தில் மட்டும். அளவும் ஆழமும் வரி சொன்னபடியே.

நடைபயணம்

அதிக வாக்குவாதம் வருவது இதில்தான்.

தூரத்தை முதலில் வரைபடத்தில் அளக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். பாதை வளைவுகளோடு நூலைப் பதித்து எடுத்தால் 20 சென்ரிமீற்றர் நூல் பத்துக் கிலோமீற்றர். நூல் சிறு வளைவுகளை விழுங்கிவிடும் என்பதால் நடக்கும் தூரம் சற்றுக் கூடவே வரும், குறையாது. காலடி கணக்கிடும் பிள்ளைக்கு, 100 மீற்றருக்கு எத்தனை இரட்டை அடி என்று முன்பே எண்ணவிடுங்கள். வயதுக்கேற்ப 65 முதல் 80 வரை வரும். ஏ-9 வீதியோரத்துக் கிலோமீற்றர் கற்களுக்கிடையே நடந்து சரிபார்க்கலாம், ஆனால் பயணத்தை அந்த வீதியில் வைக்காதீர்கள். பஸ்கள் ஓடும் ஓட்டம் தெரிந்ததே. கைத்தொலைபேசியின் தூரக்கணக்கு நீங்கள் சரிபார்க்க உதவும். "வரைபடத்தைக் கொண்டு" என்று வரி சொன்னால் பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது.

பாதை தெரிவில் தளர்வும் உண்டு, உயிர் போகும் இறுக்கமும் உண்டு. "காட்டு வழியே", "பாதையற்ற நிலத்தில்" என்று எழுதியிருந்தால் அதை வன்னியில் எழுத்துக்கு எழுத்து எடுக்கவே கூடாது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றல் பெருமளவு நடந்தும் இருக்கிறது. என்றாலும் மிதிவெடி அதிகம் புதைக்கப்பட்ட முகமாலை போன்ற இடங்களைச் சுற்றியுள்ளவர்களுக்கு நிலைமை தெரியும். விதி இதுதான்: சனம் அன்றாடம் நடக்கும், சைக்கிள் ஓடும், மாடு போகும் தடத்தில் மட்டும் நடை. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை, சிவப்பு முனைக் கட்டைகள், பழைய பதுங்குகுழி, முட்கம்பிச் சுருள் ஆகியவை தெரிந்தால் அந்தப் பக்கமே கால் இல்லை. ஏதாவது உலோகம் கண்ணில் பட்டால் தொடாமல் நின்று, வந்த காலடியிலேயே திரும்பி, பொலிஸுக்கு 119 இல் சொல்ல வேண்டும். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பு கிராம அலுவலரிடம் பாதையைக் காட்டி, சரி என்று அவர் வாயால் கேளுங்கள்.

இரணைமடு வாய்க்கால் வீதிகள், வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் பக்கத்துக் கட்டுவீதிகள், கட்டுக்கரைக்குளத்தைச் சுற்றியுள்ள கிராமப் பாதைகள் எல்லாம் இதற்குத் தோதானவை. நிழல், தண்ணீர், ஆள் நடமாட்டம் மூன்றும் கிடைக்கும். ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசிய பூங்காக்களுக்குள் நினைத்தபடி கால்நடையாகப் போக முடியாது. அந்த நிபந்தனையை அங்கே வைக்கத் திட்டமிடாதீர்கள்.

மலை இல்லையே, "ஏற்றம்" எங்கே என்று கேட்பார்கள். வரி உயரத்தை எண்ணாகச் சொல்லியிருந்தால் அதை வன்னிக்குள் முடிக்க முடியாது. மலைநாட்டுப் பயணம் ஒன்றுக்குத் தள்ளிவையுங்கள். "கரடுமுரடான நிலம்" என்று மட்டும் இருந்தால் மணற்பாதையும் சேற்று வரம்பும் தாராளமாகப் போதும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் இரண்டு கிலோமீற்றர் நடந்து பார்த்தவர் இதை மறுக்கமாட்டார்.

நேரம்: காலை 5.30க்குப் புறப்பாடு, பத்து மணிக்குள் முடிவு. பத்துக் கிலோமீற்றருக்கு நடை இரண்டரை முதல் மூன்று மணி நேரம், இளைப்பாறல் ஒரு மணி நேரம். ஆனைத் தடம் உள்ள பகுதியானால் நன்றாக விடிந்த பிறகே அடி எடுக்க வேண்டும், பொழுது சாயுமுன் திரும்ப வேண்டும். பாலைப்பழக் காலத்தில் கரடிக்கும் அதே கவனம். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர், ஆறு பேருக்கு நான்கு ஜீவனி (நீரிழப்புக்கான உப்புக்கரைசல் தூள்) பக்கற். ஒன்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். பக்கற்றை அரை லீற்றரில் கரைத்துக் குடித்தால் உப்புக் கூடி நிலைமை மோசமாகும். இது அடிக்கடி நடக்கிற பிழை.

எட்டாவது கிலோமீற்றரில் ஒருவரின் கால் பிசகியது, நிறுத்தினீர்கள். அவருக்கு நடைபயணம் முடியவில்லை. மீண்டும் முழுதாக நடக்க வேண்டும். கொடுமை போலத் தோன்றும், ஆனால் "ஒரு பயணம்" என்பது ஒன்று. எட்டும் இரண்டும் கூட்டிப் பத்து ஆக்க முடியாது. நடுவில் ஒரு மணி நேரம் மரநிழலில் படுத்திருந்துவிட்டு நடந்தால்? "ஒரே நாளில்" என்றுதான் வரி சொல்கிறது என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எடின்பரோ கோமகன் சர்வதேச விருதைச் செய்யும் இளைஞர்களுக்கு எண்கள் தெளிவாகவே உண்டு. வெண்கலத்துக்கு 2 நாள் 1 இரவு, வெள்ளிக்கு 3 நாள் 2 இரவு, தங்கத்துக்கு 4 நாள் 3 இரவு. ஒரு நாளுக்குக் குறைந்தது முறையே 6, 7, 8 மணி நேரம் திட்டமிட்ட முயற்சி. குழு 4 முதல் 7 பேர். இந்த மணி நேரம் முழுதும் நடையாக இருக்கத் தேவையில்லை. பயணத்தின் நோக்கத்துக்காகச் செய்யும் அவதானிப்பும் சேரும். வன்னி வெயிலுக்கு இது வசதி: காலையிலும் மாலையிலும் நடந்து, உச்சியில் குளக்கரை மரநிழலில் பறவை எண்ணலாம். ஆனால் மூன்று பேரோடு போய்விட்டு நான்கு என்று எழுதும் வழக்கம் எங்கும் வேண்டாம்.

கூடாரத்தில் ஓர் இரவு

பாடசாலை விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தது முகாம் இரவு ஆகாது. "கூடாரத்திலோ திறந்த வெளியிலோ" என்று வரி சொன்னால் தலைக்குமேல் ஓடு இருக்கக் கூடாது. தறப்பாள் கொட்டில் போதும். அதைப் பிள்ளைகளே கட்டியிருந்தால் கடையில் வாங்கிய கூடாரத்தை விட மேல்.

சிக்கலான இடம் இது. கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, படுத்து, இரவு பதினொன்றுக்கு மின்னல் இறங்கியதும் நீங்கள் எல்லோரையும் வகுப்பறைக்குள் கொண்டுபோனீர்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இது சர்வசாதாரணம். எங்கள் தீர்ப்பு: அந்த இரவு கணக்கில் வரும். நடைபயணத்தை எட்டில் நிறுத்தியதற்கு இல்லை என்றோமே, இதற்கு மட்டும் ஏன் என்று கேட்கலாம். அங்கே குறைந்தது எண். இங்கே எண் ஓர் இரவு, அது முழுதாகவே இருக்கிறது. மாறியது இடம், அதுவும் உங்கள் கட்டளையால். பிள்ளைகள் தாமாகவே நுளம்புக்குப் பயந்து உள்ளே போயிருந்தால் கணக்கு வேறு.

முகாம் இடத்தைத் தெரிவுசெய்யும்போது நிழலை மட்டும் பார்க்காதீர்கள். குளத்து நீரோரம் நிற்கும் மருத மரத்தடி அழகானது. அதுவே ஆனை தண்ணிக்கு இறங்கும் வழியாகவும் முதலை ஏறிக் கிடக்கும் கரையாகவும் இருக்கும். நீரிலிருந்து குறைந்தது நூறு மீற்றர் தள்ளுங்கள். வாழைப்பழம், உப்பு, நெல் எதையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். மேலே பட்டுப்போன கொப்பு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகே முளை அடிக்க வேண்டும்.

சமையல் நிபந்தனையைப் பற்றி ஒரு வரி போதும்: ஆறு பேருக்கு 750 கிராம் அரிசி, 250 கிராம் பருப்பு, ஒரு தேங்காய்ச் சம்பல் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சமைத்திருந்தால் சோறு குழைந்தாலும் சரி, அம்மா கொடுத்தனுப்பிய கோழிக்கறி எவ்வளவு ருசியானாலும் சரியில்லை.

திசை, நிழல், நட்சத்திரம்

கைநூலை அப்படியே பின்பற்றினால் நேர்மையான பிள்ளை தோற்கும் இடம் இது.

"நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்" என்பது குளிர்நாட்டுப் பாடம். கிளிநொச்சி வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களின் நண்பகலில் நட்ட தடிக்கு நிழலே இல்லை. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். அந்த மாதங்களில் ஒரு பிள்ளை நிழலைப் பார்த்து "இது தெற்கு" என்றால் புத்தகம் என்ன சொன்னாலும் அவர் சரி. தடி நிழலின் நுனியை ஒரு கல்லால் குறித்து, இருபது நிமிடம் கழித்து மீண்டும் குறித்து, இரண்டையும் இணைக்கும் முறை எந்த மாதமும் ஏறத்தாழச் சரிவரும்: முதற் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையே செய்யவிடுங்கள்.

துருவ நட்சத்திரம் அகலக்கோட்டின் அளவுக்கே அடிவானத்துக்கு மேலே நிற்கும். நமக்கு அது 9 பாகை. கையை நீட்டி மூடிய ஒரு முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. அதாவது ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில், பனைத்தோப்புக்கும் புகாருக்கும் பின்னால். பாடசாலை மைதானத்தில் அதைக் காட்டச் சொல்வது தண்டனை. வடக்கே நீர்ப்பரப்பு விரிந்திருக்கும் குளக்கட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். வரி "நட்சத்திரங்களைக் கொண்டு வடக்கைக் காண்க" என்று மட்டும் இருந்தால் வேறு வழியும் ஏற்கலாம்: மார்கழி முதல் பங்குனி வரை மாலையில் தெரியும் ஓரியன் பட்டியின் மூன்று வெள்ளிகளும் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். "துருவ நட்சத்திரத்தைக் காட்டுக" என்று பெயர் சொல்லியிருந்தால் அதையே காட்ட வேண்டும். வானம் தெளியும் நாளுக்குக் காத்திருங்கள்.

சமவுயரக் கோடுகளை வாசிப்பதற்கு வன்னித் தாள் போதாது, கோடுகளே அரிது. வாசிப்பு மட்டும்தான் கேட்கப்பட்டால் மலைநாட்டுத் தாள் ஒன்றை மேசையில் விரித்து முடித்துவிடலாம்.

நீச்சல்

சொல்லிக் காட்டும் நீச்சல் கிடையாது. இடம் கிடைக்கும் வரை சின்னம் காத்திருக்கட்டும்.

குளத்தில் என்றால் துருசுக்கு (மதகுக்கு) பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்; கதவு திறந்திருந்தால் மேலே அமைதியாகத் தெரியும் நீர் கீழே இழுக்கும். குளம் வான் பாயும் நாட்களில் இறங்கவே கூடாது. முதலை இருக்கிறதா என்று மீன்பிடிப்பவரைக் கேளுங்கள். கரையில் வழுக்கிய தடம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். கரைக்கு இணையாக, மார்பளவு ஆழத்தில், 25 மீற்றர் கயிற்றை இரு தடிகளுக்கிடையே கட்டினால் போய்த் திரும்ப 50 மீற்றர். மார்பளவில் கால் ஊன்றினால் தெரிந்துவிடும், ஊன்றினால் மீண்டும். நீச்சல் முறை சொல்லப்படாவிட்டால் நாய் நீச்சலும் நீச்சல்தான். முல்லைத்தீவுக் கடல் வாடைக் காலத்தில் கணக்கிலேயே இல்லை.

மரமும் பறவையும்

"பிரதேசத்தின் பத்து மரங்களை இனங்காண்க": பாலை, வீரை, முதிரை, கருங்காலி, மருது, இலுப்பை, நாவல், விளா, புளி, வேம்பு என்று வன்னிப் பிள்ளை மூச்சுவிடாமல் அடுக்கும். பட்டியல் போதாது, நிற்கும் மரத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். உள்ளூர்ப் பெயர் போதும், தாவரவியற் பெயர் கேட்காதீர்கள். இந்திய நூல்களை வைத்துத் திருத்துவோர் கவனிக்க: நாம் முதிரை என்பதை அங்கே வேறு பெயரால் அழைப்பார்கள், பாலை என்ற பெயர் அங்கே வேறு மரங்களுக்கும் உண்டு. பறவைக்கு வங்காலைச் சரணாலயமும் கட்டுக்கரைக்குளமும் இருக்க வேறெங்கும் அலைய வேண்டியதில்லை.

முதலுதவியில் மட்டும் புத்தகத்தை மீறலாம்

பழைய கைநூல்களில் பாம்புக்கடிக்குக் கீறி உறிஞ்சவும், மேலே இறுக்கிக் கட்டவும் சொல்லியிருக்கும். அதைச் சரியாகச் செய்து காட்டும் பிள்ளைக்குச் சித்தி கொடுத்தால் ஒருநாள் ஒருவரின் கையோ காலோ போகும். புடையன் கடித்த இடத்தைக் கீறினால் இரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டினால் சதை அழுகும். ஏற்க வேண்டிய விடை: கடிபட்டவரை ஆறுதற்படுத்தி அசையாமல் படுக்கவைத்தல், மோதிரம், காப்பு, சப்பாத்தைக் கழற்றல், கடிபட்ட கை காலைத் தடி வைத்து அசையாமற் கட்டல், நேரத்தைக் குறித்தல், 1990 சுவசெரிய வண்டியை அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ விஷமுறிவு மருந்துள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோதல். பாம்பைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக் கையொப்பம் வையுங்கள், அடுத்த பரீட்சகர் குழம்பாமல் இருக்க.

நீரைச் சுத்திகரிக்கும் நிபந்தனையும் இதே இனம். கொதிப்பு எழும்பி ஒரு நிமிடம் நின்றால் கிருமி சாகும். வயல் மருந்து கலந்த வாய்க்கால் நீரைக் கொதிக்கவைத்தாலும் மருந்து போகாது. "மருந்து கலந்த நீரைக் கொதிக்கவைத்தும் குடிக்கக் கூடாது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அவருக்குப் பாடம் விளங்கியிருக்கிறது.

மாற்று நிபந்தனை

உடற்குறை உள்ள பிள்ளைக்கு நிபந்தனையைக் குறைக்காதீர்கள், மாற்றுங்கள். சக்கர நாற்காலிப் பிள்ளைக்குப் பத்துக் கிலோமீற்றர் நடையை "இரண்டு கிலோமீற்றர்" ஆக்கினால் அது இரக்கம். பிள்ளைகள் அதை உடனே மணந்து பிடிப்பார்கள். அதே தூரத்தைச் சீரான கட்டுவீதியில் நாற்காலியில் தானே உருட்டிப் போவது, வரைபடத்தைத் தானே வாசிப்பது, அணியை வழிநடத்துவது, இவை மாற்று. பிள்ளையோடும் பெற்றோரோடும் பேசி, தொடங்குமுன் எழுதி, மாவட்ட ஆணையாளரின் ஒப்புதலைப் பெறுங்கள். தொடங்கிய பிறகு மாற்றக் கூடாது.

பதிவும் தகராறும்

வருடத் தொடக்கத்தில், முகாமுக்கு முன், துருப்பின் விளக்கக் குறிப்பு ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். குச்சி உதிர்ந்தால் எண்ணப்படுமா, மின்னல் இரவு கணக்கா, உள்ளூர்ப் பெயர் போதுமா போன்றவை அதில் வர வேண்டும். சந்தேகமான வரி என்றால் மாவட்ட ஆணையாளரிடம் எழுத்தில் கேட்டு அவர் பதிலையும் பக்கத்தில் ஒட்டுங்கள். அடுத்த வருடம் ஆசிரியர் இடமாற்றம் கிடைத்துப் போனாலும் குறிப்பு நிற்கும்.

பதிவில் நாள், இடம், பார்த்தது என்ன, பார்த்தவர் யார் என்ற நான்கும் வேண்டும். "சித்தி" என்ற ஒற்றைச் சொல் போதாது. "12.07, வாய்க்கால் வீதி, 10.4 கி.மீ., 3 மணி 40 நிமிடம், வரைபடம் தானே பிடித்தார்" என்றால் மேல்விருதுப் பரீட்சகர் மறுகேள்வி கேட்கமாட்டார். சொந்தப் பிள்ளையை அம்மாவோ அப்பாவோ பரீட்சிக்க வேண்டாம், அவர் எவ்வளவு நேர்மையானவர் என்றாலும்.

கையொப்பம் வைத்த பிறகு பிழை தெரிந்தால்? நீங்கள் தூரத்தைத் தப்பாக அளந்து எட்டரைக் கிலோமீற்றர்தான் வந்திருந்தால், கைச்சட்டையில் தைத்த சின்னத்தைப் பிடுங்காதீர்கள், பிழை உங்களது. அடுத்த துருப்புக்குப் பாதையைத் திருத்துங்கள். பிள்ளை பொய் சொல்லியிருந்தால் மட்டும் அந்த ஒரு நிபந்தனையை மீண்டும் செய்யவிடுங்கள், அணிக்கு முன்னால் பேசாமல், தனியே கூப்பிட்டு. பதிவுப் புத்தகத்தில் பழைய கையொப்பத்தை ஒரு கோட்டால் வெட்டி, திகதியிட்டு, பக்கத்திலேயே புதியதை வையுங்கள். தாளைக் கிழிக்க வேண்டாம்.